பெயர்ப் பலகையிலிருந்து டாட் காம் வரை: இணையப் பெயர் பிறந்த கதை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு முறை நடந்து போனால் போதும். கடைகளின் பெயர்ப் பலகைகளிலேயே ஒரு சமுதாயத்தின் வரலாற்றைப் படித்துவிடலாம். ஒருவர் குலதெய்வத்தின் பெயரை வைத்திருப்பார். இன்னொருவர் கப்பலேறி வந்த தாத்தாவின் பெயரை வைத்திருப்பார். வேறொருவர் விட்டு வந்த ஊரின் பெயரைப் பலகையில் எழுதி, அதன் கீழ் 'அண்டு சன்ஸ்' என்று சேர்த்திருப்பார்.

லட்சுமி என்ற பெயரில் கிள்ளானில் ஒரு நகைக்கடை இருக்கலாம். ஈப்போவில் ஒரு மளிகைக் கடை இருக்கலாம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடையும் இருக்கலாம். இவர்களுக்குள் எந்தச் சண்டையும் வந்ததில்லை. ஊர் வேறு, தெரு வேறு, வாடிக்கையாளர் வேறு.

ஆனால், இணையம் என்ற சாலையில் அந்த வசதி இல்லை. அங்கு ஒரு முகவரி உலகம் முழுவதற்கும் ஒருவருக்குத்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து கடைக் கதவுகள் மூடப்பட்டபோது, சிறு வணிகர்கள் பலர் இணையத்தில் கடை திறக்க முனைந்தனர். மூன்று தலைமுறையாகப் பலகையில் இருந்த பெயரை அங்கு எழுதிப் பார்த்தபோதுதான், அதை வேறு யாரோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது பலருக்கும் தெரிய வந்தது.

டொமைன் என்று சொல்லப்படும் இந்த இணையப் பெயர் எப்படிப் பிறந்தது? அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? தவறவிட்டு வருந்தியவர்கள் யார்? நாற்பது ஆண்டுக் கதை இது. இனிக் கடை திறக்கப் போகிறவர்களுக்கு இதில் பாடம் நிறைய உண்டு.

எண்ணுக்கு ஒரு பெயர்

இணையத்தின் தாய் என்று போற்றப்படுவது, அமெரிக்கத் தற்காப்புத் துறையின் நிதியில் உருவான அர்பாநெட் என்ற கணினி வலையமைப்பு. அதில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் இருந்தது. எண்களை மனிதர்கள் நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால், எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டது.

அந்தப் பட்டியல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் இருந்த ஸ்டான்பர்ட் ஆய்வுக் கழகத்தில் பராமரிக்கப்பட்டது. எலிசபெத் பெயின்லர் என்ற பெண்மணியின் குழுவினர் அதைக் கவனித்துக்கொண்டனர். புதிய கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்த அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற கணினிகள் எல்லாம் அந்த ஒரே பட்டியலை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்ளும். கணினிகள் சில நூறாக இருந்தவரை இந்த முறை தாங்கியது. எண்ணிக்கை பெருகியதும் பட்டியல் திணறத் தொடங்கியது.

1983-ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பால் மொக்காபெட்ரிஸ் இதற்கு வழி கண்டார். அவருக்கு அப்பணியைக் கொடுத்தவர் இணைய முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல். ஒரே பட்டியலை ஒரே இடத்தில் வைப்பதற்குப் பதிலாக, அதைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார் மொக்காபெட்ரிஸ். கடிதத்தில் நாடு, மாநிலம், ஊர், தெரு என்று முகவரி பிரிவது போன்ற ஏற்பாடு அது.

1984 அக்டோபரில் முதல் பெருங்கிளைகளின் பட்டியல் வெளியானது. கல்விக்கு ஒன்று, அரசாங்கத்திற்கு ஒன்று, இராணுவத்திற்கு ஒன்று, பிற அமைப்புகளுக்கு ஒன்று. வணிகத்திற்கு என ஒதுக்கப்பட்டதுதான் 'காம்'. வணிகம் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் அவை. பிற்காலத்தில் கோடிக்கணக்கான டாலர் புரளப் போகும் கிளை அதுதான் என்று அன்று நினைத்தவர் அரிது.

முதல் கடை திறந்தவர்

1985 மார்ச் 15-ஆம் தேதி முதல் டாட் காம் பெயர் பதிவானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கணினி தயாரித்து வந்த சிம்பாலிக்ஸ் என்ற நிறுவனம் அதைப் பெற்றது. அந்த ஆண்டு முழுவதிலும் பதிவான டாட் காம் பெயர்கள் மொத்தம் ஆறுதான். இன்று 15 கோடிக்கும் மேற்பட்ட டாட் காம் பெயர்கள் பதிவில் உள்ளன.

சிம்பாலிக்ஸ் நிறுவனம் வணிகத்தில் நீடிக்கவில்லை. 1993-இல் அது திவால் பாதுகாப்பு கோரியது. ஆனால் அதன் இணையப் பெயருக்கு மதிப்பு குறையவில்லை. 2009-இல் ஒரு முதலீட்டாளர் அதை விலை கொடுத்து வாங்கினார். கடை போன பின்பும் பலகைக்கு விலை இருந்தது.

மலேசியாவுக்கு 'மை' என்ற நாட்டுக் குறியீடு 1987-இல் வழங்கப்பட்டது. ராங்கோம் என்ற கணினி வலையமைப்பை மிமோஸ் ஆய்வாளர்கள் தொடங்கிய ஆண்டும் அதுதான். சிங்கப்பூரின் 'எஸ்ஜி' குறியீடு 1988-இல் வந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டெக்நெட் பிரிவு அதை முதலில் நிர்வகித்தது. வணிகர்களுக்கு அதில் வேலையே இல்லாத காலம் அது. பேராசிரியர்களும் பொறியாளர்களுமே அதன் பயனீட்டாளர்கள்.

விளைநிலம் என்று தெரியாத காலம்

1995 செப்டம்பர் வரை டாட் காம் பெயரைப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது என்றால் இன்று நம்புவது கடினம். அந்த மாதத்தில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 அமெரிக்க டாலர் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. அதற்கு முன்பு முந்திக் கேட்டவருக்கே பெயர்.

பெரிய நிறுவனங்கள்கூட அப்போது விழித்துக்கொள்ளவில்லை. 1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கச் செய்தியாளர், இதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைத் தொடர்பு கொண்டார். உங்கள் பெயரை இணையத்தில் யாரும் எடுக்கவில்லையே, தெரியுமா என்று கேட்டார். உரிய பதில் வராமல் போகவே, அந்தப் பெயரைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். விவகாரம் ஏடுகளில் வெளிவந்த பிறகுதான் நிறுவனம் பரபரத்தது. நியூயார்க்கின் புரூக்ளின் வட்டாரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கு உதவி செய்தால் பெயரைத் திருப்பித் தருவதாகக் குவிட்னர் சொன்னார். அப்படியே முடிந்தது.

எல்லாரும் குவிட்னர் போல் இருக்கவில்லை. பொதுச் சொற்களை வாங்கி வைத்து விற்கும் தொழில் ஒன்றே பிறந்தது. வணிகம் என்ற பொருளுடைய 'பிசினஸ் டாட் காம்' 1997-இல் 150,000 டாலருக்கு விலைபோனது. பைத்தியக்கார விலை என்று பலரும் சிரித்தனர். இரண்டே ஆண்டில், 1999-இல், அது 75 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போயினர்.

பெயர் தேடி அலைந்தவர்கள்

இன்று உலகமே அறிந்த நிறுவனங்களும் தொடக்கத்தில் பெயருக்காகத் தடுமாறியவைதாம்.

1994-இல் ஜெப் பெசோஸ் தம் புத்தகக் கடைக்கு முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. மந்திரச் சொல்லின் பின்பாதி அது. தொலைபேசியில் அதைக் கேட்ட அவருடைய வழக்கறிஞருக்குப் 'பிணம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்தது. காதால் கேட்டு எழுத முடியாத பெயர் கடைக்கு ஆகாது என்பதை அந்த ஒரு தொலைபேசி அழைப்பு காட்டிவிட்டது. பிறகு 'ரிலெண்ட்லெஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தார். சற்று மிரட்டலாக ஒலிக்கிறது என்று நண்பர்கள் தயங்கினர். கடைசியில் அகராதியைப் புரட்டி 'அமேசான்' என்று முடிவு செய்தார். அக்காலத்தில் இணையத் தளப் பட்டியல்கள் அகர வரிசையில் இருந்ததால் 'ஏ' எழுத்தில் தொடங்கும் பெயருக்கு முதலிடம் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய ஆறு என்பதால் உலகின் மிகப் பெரிய கடை என்ற எண்ணமும் அதில் அடங்கியது. அது புத்தகத்தை மட்டும் குறிக்கும் பெயராக இல்லாததால், பின்னாளில் சட்டியும் சட்டையும் விற்றபோதும் பெயரை மாற்ற நேரவில்லை.

பியர் ஒமிட்யார் 1995-இல் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். தம்முடைய 'எக்கோ பே' என்ற ஆலோசனை நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்யப் போனபோது, ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் அதை ஏற்கெனவே எடுத்திருந்தது. பெயரைச் சுருக்கி 'இ-பே' என்று பதிவு செய்தார். கிடைக்காமல் போனதே நல்லதாயிற்று என்று சொல்லும்படி அந்தச் சுருக்கப் பெயர் வாயில் எளிதாக நின்றது.

கூகல் பெயரும் அப்படித்தான். ஒன்றுக்குப் பின்னால் நூறு சுழியங்கள் கொண்ட எண்ணுக்குக் கணிதத்தில் 'கூகால்' என்று பெயர். ஸ்டான்பர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் அந்தப் பெயர் கிடைக்குமா என்று தேடியபோது எழுத்துப் பிழையோடு தட்டிவிட்டதாகவும், அந்தப் பிழையான வடிவமே லேரி பேஜுக்குப் பிடித்துப்போனதாகவும் அங்கிருந்தவர்கள் கூறியுள்ளனர். 1997 செப்டம்பர் 15-ஆம் தேதி அது பதிவானது.

ஆசியாவிலிருந்து ஒரு கதை. 1999-இல் சீனாவின் ஜாக் மா, உலகம் முழுவதும் புரியக்கூடிய பெயர் தேடினார். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, பரிமாற வந்த பெண்ணிடம் 'அலிபாபாவைத் தெரியுமா?' என்று கேட்டார். 'திறந்திடு குகையே' என்ற பொருளில் உடனே பதில் வந்தது. தெருவில் இறங்கிப் பல நாட்டவரிடமும் கேட்டார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1956-இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைப் பார்த்த தமிழரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஜாக் மா இன்னொன்றும் செய்தார். பிற்காலத்தில் பயன்படலாம் என்று 'அலிமாமா' என்ற பெயரையும் சேர்த்தே பதிவு செய்துவைத்தார். பின்னர் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு அந்தப் பெயர் உதவியது.

தந்தை வைத்த பெயருக்கு வந்த வழக்கு

இந்த நாற்பது ஆண்டுக் கதையில் மனத்தைத் தைப்பது நிசான் வழக்கு.

ஜெருசலத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் உசி நிசான். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். யூதர்களின் நாட்காட்டியில் ஒரு மாதத்திற்கும் அதே பெயர். வட கரோலினா மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டிலேயே தம் பெயரில் கார் பழுதுபார்க்கும் தொழில் நடத்தினார். அப்போது ஜப்பானிய நிறுவனத்தின் கார்கள் அமெரிக்காவில் 'டட்சன்' என்ற பெயரில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. 1991-இல் கணினி வணிகம் தொடங்கினார். 1994-இல் தம் பெயரை டாட் காமாகப் பதிவு செய்தார். அன்று அந்தப் பெயரை வேறு எவரும் கேட்கவில்லை.

1999 டிசம்பரில் ஜப்பானியக் கார் நிறுவனம் அவர் மீது வழக்குத் தொடுத்து, 1 கோடி டாலர் இழப்பீடு கோரியது. சிறு கணினிக் கடைக்காரர் ஒருவர், உலகப் பெரு நிறுவனத்தின் எதிரில் நின்றார். வழக்கு எட்டு ஆண்டு அளவில் இழுத்தது.

அவருக்குப் பாதகமாக அமைந்தது அவருடைய பெயர் அன்று. அந்தத் தளத்தில் அவர் சேர்த்த கார் விளம்பரங்கள்தாம் காரணம். மக்கள் குழம்பி வரும் இடத்தில் கார் விளம்பரம் வைத்தது வணிக முத்திரையை மீறியதாகும் என்று நீதிமன்றம் கருதியது. பெயர் கடைசிவரை அவரிடமே நின்றது. ஆனால் அந்தத் தளத்தில் வணிகம் செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. வழக்குச் செலவு அவரை வாட்டியது. 2020-இல் கோவிட் தொற்றுக்கு அவர் பலியானார். பெயரைக் காப்பாற்றினார், ஆனால் அதற்குக் கொடுத்த விலை ஒரு வாழ்க்கையின் பெரும்பகுதி.

சொந்தப் பெயராகவே இருந்தாலும், பிறர் முத்திரை பதித்த பெயரோடு மோதினால் அமைதி போகும். முத்திரைப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு முறை தேடிப் பார்ப்பது, பின்னர் வழக்கறிஞர் வாசலில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

இத்தகைய தகராறுகளை விரைவாகத் தீர்க்க 1999-இல் அனைத்துலக விதிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி வழக்காளர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும். பெயர் தம் முத்திரையைப் போல் குழப்பும்படி இருக்கிறது, பதிவு செய்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு அது பதிவானது என்பனவே அந்த மூன்று. முதல் தீர்ப்பு 2000 ஜனவரி 14-ஆம் தேதி வந்தது. அமெரிக்க மல்யுத்த அமைப்பு ஒன்றின் பெயரைப் பதிவு செய்து, மூன்றே நாளில் அதே அமைப்பிடம் 1,000 டாலருக்கு விலை பேசியவர் பெயரை இழந்தார். மலேசிய 'மை' பெயர்கள் தொடர்பான தகராறுகள் கோலாலம்பூர் நடுவர் மையத்தில் விசாரிக்கப்பட்டு வந்துள்ளன.

நல்ல பெயர் மட்டும் சோறு போடுமா?

அருமையான பெயர் கிடைத்துவிட்டால் வணிகம் தானாக ஓடும் என்று நம்பியவர்களும் உண்டு. செல்லப் பிராணிகளுக்கான உணவு விற்ற 'பெட்ஸ் டாட் காம்' அதற்குச் சான்று. சிறிய பெயர், பொருள் விளங்கும் பெயர், யாரும் மறக்க முடியாத பெயர். 2000 பிப்ரவரியில் பங்குச் சந்தையில் நுழைந்து 8 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. காலுறைப் பொம்மை ஒன்று தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றி நாடெங்கும் புகழ் பெற்றது.

ஆனால் கனமான நாய் உணவு மூட்டைகளை வீடு வீடாக அனுப்பும் செலவு, விற்கும் விலையை விழுங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கடை மூடப்பட்டது. பெயரைப் போட்டி நிறுவனம் வாங்கிக்கொண்டது. சரக்கும் கணக்கும் சரியில்லை என்றால் பெயரால் என்ன செய்ய முடியும்?

சேர்த்து எழுதும்போது வரும் விபரீதமும் உண்டு. வல்லுநர்கள் கருத்துப் பரிமாறும் 'எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்ற தளம், இரண்டு சொற்களையும் இடைவெளியின்றி எழுதியது. ஆங்கிலத்தில் அதைப் படித்தவர்களுக்குப் பாலின மாற்று நிபுணரின் விளம்பரம் போல் தோன்றியது. பிறகு நடுவில் ஒரு சிறு கோடு போட்டுப் பிரித்தனர். இணையப் பெயரில் இடைவெளி கிடையாது என்பதால், பெயரைத் தாளில் சேர்த்து எழுதி நாலு பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்வது நல்லது.

நம் வட்டாரத்தில் நடந்தவை

பினாங்கில் 1997-இல் பிறந்த 'ஜாப்ஸ்திரீட் டாட் காம்', வேலை, தெரு என்ற இரண்டே எளிய சொற்களை இணைத்தது. மலேசியாவைக் குறிக்கும் எதுவும் அதில் இல்லை. சிங்கப்பூர், பிலிப்பீன்ஸ் என்று எல்லை தாண்டியபோது பெயர் தடையாக நிற்கவில்லை. 2014-இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது.

இதற்கு நேர்மாறான அனுபவம் 'மைடெக்சி'யுடையது. 2012-இல் கோலாலம்பூரில் தொடங்கிய இந்த வாடகைக் கார் சேவைக்கு, மலேசியர்களுக்கு உடனே விளங்கும் பெயர் வைக்கப்பட்டது. 'மை' என்றால் என்னுடையது என்றும் மலேசியா என்றும் இரு பொருள். 'டெக்சி' என்பது மலாய் எழுத்துக்கூட்டல். உள்ளூருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஆனால் மறு ஆண்டே பிலிப்பீன்சுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றபோது 'கிராப்டெக்சி' ஆக வேண்டியதாயிற்று. டாக்சியோடு நிற்காமல் சொந்தக் கார், மோட்டார் சைக்கிள், பொருள் பட்டுவாடா என்று வளர்ந்ததும் 2016-இல் 'டெக்சி' உதிர்ந்து 'கிராப்' மட்டும் நின்றது. நான்கு ஆண்டுகளில் மூன்று பெயர்கள். பெரிய முதலீடு இருந்ததால் அது தாங்கியது. பலகையை ஒரு முறை மாற்றவே யோசிக்கும் சிறு வணிகருக்கு அது கட்டுப்படியாகுமா?

நாளை எந்த ஊருக்குப் போவோம், வேறு எந்தப் பொருளை விற்போம் என்று பெயர் வைக்கும் நாளிலேயே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த இரண்டு கதைகளும் சொல்வது.

வால் பகுதியும் முக்கியம்

புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகளுக்கும் வரலாறு உண்டு. பசிபிக் பெருங்கடலில் சுமார் 10,000 பேர் வாழும் துவாலு நாட்டுக்குக் கிடைத்த குறியீடு 'டிவி'. தொலைக்காட்சி நிறுவனங்கள் அதை விரும்பின. 2000-ஆம் ஆண்டில் 12 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் என்று ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு துவாலு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பணம் கொடுத்த தெம்பில் அதே ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உறுப்பினரானது.

கரீபியத் தீவான அங்குவிலாவின் குறியீடு 'ஏஐ'. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் அதுவே. 2023-இல் இதன் வழி அத்தீவுக்கு ஏறக்குறைய 3 கோடியே 20 இலட்சம் டாலர் கிடைத்தது. அரசாங்க வருவாயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

எனினும், பிற நாட்டுக் குறியீட்டில் கடை திறப்பது பிறர் நிலத்தில் வீடு கட்டுவது போன்றது. யுகோஸ்லாவியா என்ற நாடு மறைந்த பிறகு அதன் குறியீடும் 2010-இல் நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும், ஒன்றியத்தின் குறியீட்டில் பதிவு செய்திருந்த பல்லாயிரம் பிரிட்டிஷ் பெயர்கள் 2021 ஜனவரியில் முடக்கப்பட்டன. உள்ளூர் வாடிக்கையாளரை நம்பும் கடைக்கு உள்ளூர்க் குறியீடே பாதுகாப்பு. ஏற்றுமதி நோக்கம் இருந்தால் டாட் காமையும் சேர்த்து வைத்திருப்பது நலம்.

மறதிக்குக் கொடுத்த விலை

இணையப் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. அது தவணைக்கு எடுக்கும் வாடகை. தவணை தவறினால் பெயர் போய்விடும்.

1999 கிறிஸ்மஸ் நாட்களில், மைக்ரோசாப்ட்டின் ஹாட்மெயில் சேவையைப் பலரால் திறக்க முடியவில்லை. அதற்குத் தேவையான 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயருக்கான 35 டாலர் கட்டணத்தை நிறுவனம் கட்ட மறந்திருந்தது. மைக்கேல் செய்னி என்ற நிரலாளர் தம் கடன் அட்டையிலிருந்து அந்தத் தொகையைக் கட்டிய பிறகு சேவை மீண்டது. நிறுவனம் பின்னர் 500 டாலர் காசோலை அனுப்பி நன்றி சொன்னது.

2015-இல் இன்னும் வேடிக்கை. கூகலில் முன்பு பணியாற்றிய சன்மே வேத் என்பவர், 'கூகல் டாட் காம்' விற்பனைக்கு இருப்பதாகக் காட்டிய பக்கத்தில் 12 டாலர் கட்டினார். ஒரு நிமிடம் அந்தப் பெயர் அவருடையதாக இருந்தது. நிறுவனம் கொள்முதலை இரத்து செய்து, 6,006 டாலர் 13 காசு பரிசளித்தது. அந்த எண்களை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் கூகல் என்ற சொல்லின் வடிவம் தெரியும். அவர் அதை அறப்பணிக்குக் கொடுக்க விரும்பியதால் தொகை இரட்டிப்பாக்கப்பட்டது.

பெரிய நிறுவனத்துக்கு இது சிரிப்புக் கதை. சிறு கடைக்காரருக்கு அப்படி முடிவதில்லை. இணையத் தளம் அமைத்துக் கொடுக்க வந்த இளைஞர் பெயரையும் தம் கணக்கில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. சில ஆண்டுகளில் அவர் வேலை மாறிப் போவார். புதுப்பிப்பு அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகும். கடை முதலாளிக்குத் தெரிய வரும்போது பெயர் வேறு யாரிடமோ இருக்கும். கடை உரிமத்தை யாராவது பிறர் பெயரில் எடுப்பார்களா? இணையப் பெயரும் அதுபோன்ற ஓர் உரிமமே. அது முதலாளியின் பெயரில், அவர் பார்க்கும் மின்னஞ்சலில், அவர் கையில் உள்ள கடவுச்சொல்லோடு இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு உள்ள சிக்கல்

தமிழ் வணிகர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'தாழம்பூ' என்று ஒரு சேலைக் கடைக்குப் பெயர் வைக்கலாம். கேட்கவே இனிமையான பெயர். அதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'த' என்பதை 'டி' என்று சிலர் எழுதுவர், 'டி எச்' என்று சிலர் எழுதுவர். 'ழ' சிலருக்கு 'எல்', சிலருக்கு 'இசட் எச்'. 'பூ'வுக்கு ஒருவர் 'யு' போடுவார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போடுவார். ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கூட்டல்கள்! மலாய் முறையில் 'சி' ஓர் ஒலி, ஆங்கில முறையில் வேறு ஒலி என்ற குழப்பம் தனி.

கடைக்காரர் தொலைபேசியில் பெயரைச் சொல்ல வேண்டும். கேட்பவர் அதைத் தவறின்றித் தட்ட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத பெயரானால், எளிதாக எழுதக்கூடிய வேறு தமிழ்ச் சொல்லைத் தேடலாம். மாறக்கூடிய இரண்டு மூன்று வடிவங்களையும் சேர்த்தே பதிவு செய்து, எல்லாம் ஒரே கடைக்கு வந்து சேரும்படியும் செய்யலாம்.

தமிழிலேயே முகவரி எழுத முடியாதா என்ற ஏக்கத்திற்கு விடை தேடியதில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீ முதலியோரின் முயற்சியால் 1995-இல் தமிழ் இணையத்தில் ஏறியது. 1997-இல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1998-இல் டான் டின் வீயின் குழு, பல மொழிகளில் இணையப் பெயர் எழுதும் முறையைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிச் சோதித்தது. நா. கோவிந்தசாமி 1999-இல் காலமானார்.

2003-இல் அனைத்துலகத் தர விதிகள் வெளிவந்தன. தமிழ் எழுத்தைக் கணினி பின்னணியில் ஆங்கில எழுத்துகளாக மாற்றிக்கொள்ளும், பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். 2011-இல் 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் குறியீடு உலகப் பட்டியலில் சேர்ந்தது. இந்தியா, இலங்கை ஆகியவற்றுக்கும் தமிழ்க் குறியீடுகள் உள்ளன.

ஆனாலும் அத்தகைய முகவரிகளின் புழக்கம் குறைவு. பல மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் ஆங்கில எழுத்தையே எதிர்பார்க்கின்றன. எனவே ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியையும் உடன் வைத்திருப்பது இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்தது.

பலகை எழுதும் முன்

நாற்பது ஆண்டுகளில் பலர் பட்டுத் தெளிந்தவை சில உண்டு. பெயர் சிறியதாக, காதால் கேட்டு எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே ஊருக்கும் ஒரே பொருளுக்கும் கட்டுப்பட்டுவிடக் கூடாது. சேர்த்து எழுதினால் வேறு பொருள் தரக் கூடாது. பிறருடைய முத்திரையோடு மோதக் கூடாது. நிறுவனப் பதிவுக்கு முன்பே இணையப் பெயர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கிடைத்ததும் சொந்தப் பெயரில் பதிவு செய்து, தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

தாத்தா காலத்துக் கடைகளில் ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் தீபாவளிக்கு முன், பெயர்ப் பலகையைத் துடைத்து வண்ணம் பூசுவார்கள். எழுத்து மங்கிப் போனால் கடையும் மங்கிப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. இணையத்தில் கடை வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அந்த வேலை இருக்கிறது. புதுப்பிக்க வேண்டிய நாளை நாட்காட்டியில் இன்றே குறித்துவைத்தால் போதும்.